மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கிறீங்களா? உள் டயரை மறந்தா பட்ஜெட் காலி!

அமெரிக்காவில் ஆன்சைட்ல இருக்கீங்க. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. மோட்டார்ஹோம் ஒண்ணு வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன் போகலாம்னு பிளான். நல்ல ஐடியாதான். ஆனா சாவியை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் பின் டயர்களுக்கு ஒதுக்குங்க.

கார் மாதிரி இது சொல்லாது

கார்ல காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல லைட் எரியும். அமெரிக்கச் சட்டப்படி அந்த வசதி 4,536 கிலோ வரைக்குமான வண்டிகளுக்குத்தான் கட்டாயம். பின்னாடி இரட்டை டயர் இருந்தா அதிலும் விலக்கு. அதனால பெரிய மோட்டார்ஹோம்ல அந்த லைட் இல்லாமலே போகலாம்.

கணக்கைப் பாருங்க

ஃபோர்டு ஈ-450 மாதிரி வண்டிகள்ல பின்பக்கம் ஒவ்வொரு சைடுலயும் ரெண்டு டயர். அதில் பரவலா வர்ற எல்.டி. 225/75 ஆர் 16, ஈ ரக டயரை எடுத்துக்கங்க. 80 பிஎஸ்ஐ காத்துல ஜோடியா இருக்கும்போது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். ஜோடிக்கு 2,240 கிலோ. உள் டயர்ல காத்து இறங்கிட்டா அந்த மொத்த பாரமும் வெளி டயர் தலையில. தனியா அதால தாங்க முடிஞ்சது 1,215 கிலோதான்!

வெளியே நின்னு பார்த்தா எல்லாம் சரியாவே தெரியும். ஏன்னா, வெளி டயர் வண்டியைத் தூக்கிப் பிடிச்சிருக்கும். ஓட ஓட சூடு ஏறி, நல்லா இருந்த டயரும் வெடிக்கும். ஒரு டயர் செலவு ரெண்டாகும். கிழிஞ்ச ரப்பர் அடிச்சு வண்டியோட அடிப்பாகமும் சேதமாகலாம்.

எப்படி செக் பண்றது?

• காலையில், வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. ஓட்டியிருந்தா மூணு மணி நேரமாவது நிக்கணும். சூடான டயர்ல அளவு கூடுதலா காட்டும். அதைப் பார்த்து காத்தை இறக்கிடாதீங்க.

• எவ்வளவு காத்து வேணும்னு டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர்ல இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறயா இருக்கலாம்.

• உள் டயர் வால்வு, வெளி சக்கரத்தோட ஓட்டைக்குள்ள இருக்கும். சாதா கேஜ் எட்டாது. நீளக் கைப்பிடியும் ரெண்டு பக்கம் பார்த்த தலையும் உள்ள லாரி கேஜ் வாங்குங்க.

• நம்ம ஊர் லாரிக்காரங்க டயரைத் தட்டிப் பார்ப்பாங்க. சுத்தமா இறங்கின டயர் அதில் தெரியும். 80-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியாது.

• சொன்ன அளவுல 20 சதவீதம் குறைஞ்சிருந்தா (80-க்கு 64) பஞ்சர்னே வச்சுக்கங்க. காத்தடிச்சு ஓட்டாம, கழட்டி செக் பண்ணச் சொல்லுங்க.

• ரெண்டு டயருக்கு நடுவுல கல் சிக்கியிருக்கான்னும் குனிஞ்சு பாருங்க.

காசு விஷயம்

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, டயர் சேதத்துக்கு யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்தில் தேடிப் படிங்க. இன்சூரன்ஸ் எடுத்தாச்சுன்னு விட்டுடாதீங்க. டயருக்குத் தனி விதி இருக்கலாம். வண்டியை வாங்கும்போதே ஆறு டயரையும் அளந்து, கேஜோட போட்டோ எடுங்க. குறைவா இருந்தா செக்-அவுட் ஃபார்ம்ல எழுத வைங்க. பின்னாடி பில் வந்தா, பேசப் போறது அந்த போட்டோதான்.

பயணத்துல தினமும் காலையில காபி வைக்கிற நேரத்துல ஒரு ரவுண்டு. அவ்வளவுதான். உள்ளே தூங்கிட்டு வர்றது உங்க அப்பா அம்மா!