தீவகத்து வெயிலும் வாசற் காவலனும்

விசயன் தன் தோழரோடு இலங்கைக் கரையில் இறங்கிய கதையைக் கூறுமிடத்து, மகாவம்சம் ஒரு நாயையும் குறிப்பிடுகின்றது. குவேனியின் ஏவலாளாகிய இயக்கி ஒருத்தி பெண்நாய் வடிவில் அவர்கள் முன் தோன்றினாள். நாய் உள்ள இடத்தில் ஊரும் இருத்தல் வேண்டும் என்று துணிந்த தோழன் ஒருவன், விசயன் தடுத்தும் கேளாது அதன் பின்னே சென்றான். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும் அவன் கொண்ட அநுமானம் பிழையன்று. குடியுள்ள இடத்தில் நாயும் இருக்கும். ஆயின், எந்த நிலத்திற்கு எந்த நாய் உகந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கின்றோமா?

பங்குனி மாதத்து நண்பகலொன்றில் வேலணையில் நண்பர் ஒருவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தகரக் கூரையின் கீழே அல்சேஷன் நாயொன்று சங்கிலியிற் கட்டுண்டு கிடந்தது. நாக்கு வெளியே தொங்க, விலாப்புறம் கொல்லன் துருத்திபோல் ஏறி இறங்கியது. படலைக்கு வெளியே, பூவரச நிழலில், ஊர்நாய் ஒன்று மண்ணைப் பறித்து, அந்தக் குளிர்ந்த குழியில் வயிற்றை அழுத்தி உறங்கிற்று.

“கொழும்பிலையிருந்து காசு குடுத்து எடுப்பிச்சது, பகலிலை எழும்புதே இல்லை” என்று நண்பர் குறைப்பட்டார். அந்த நாய் சோம்பிக் கிடக்கவில்லை, வெந்துகொண்டிருந்தது.

மனிதர் உடல் முழுவதும் வியர்த்து வெப்பத்தைக் கழிக்கின்றனர். நாய்க்கோ பாதங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க வியர்வை உண்டு. இளைத்தலே அதற்குப் பெருந்துணை. நாவிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் தணிகின்றது. அதன் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். அது 41 பாகையைத் தாண்டுமாயின் உயிருக்கே இடராகும். தீவகத்துக் கடற்காற்றோ ஈரம் மிகுந்தது. அத்தகைய காற்றில் நாவின் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் வெப்பமானி காட்டும் அளவைவிட நாய் படும் துன்பம் பெரிது.

இதனை உணர்ந்தோர் நாயைத் தெரியும்போது மூன்றினை நோக்குவர்: மூக்கு, மயிர், உடல். நீண்ட மூக்குடைய நாய் நன்றாக இளைக்கும். பக், புல்டொக் முதலிய சப்பை மூக்கு நாய்கள் மூச்சுக்கே திணறும். சைபீரியப் பனிக்குரிய ஹஸ்கிக்கும், நியூபவுண்லாந்துக் குளிர்நீரில் மீனவருக்கு உழைத்த நாய்களின் வழிவந்த லாப்ரடோருக்கும் வெளிமயிரின் கீழே அடர்ந்த உள்மயிரும் உண்டு. அதனை முழுவதும் மழித்து விடுதலும் பரிகாரமன்று. தோல் வெயிலிற் கருகும். மெலிந்து உயர்ந்த உடல் வெப்பத்தை விரைவில் விடும். பருத்த உடல் அதனைத் தேக்கி வைக்கும்.

இம்மூன்றும் பொருந்திய நாய்களைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தமிழகத்தின் தென்பகுதிக் கரிசற் காடுகளில் முயல் துரத்திய சிப்பிப்பாறையும் கன்னியும் குறுமயிரும் ஒட்டிய வயிறும் உடையன. வெண்ணிறத்து இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சற்றுறை அஞ்சல்தலையே வெளியிட்டது. எனினும், இராசபாளையத்திற் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. இவையெல்லாம் ஓடுதற்குப் பிறந்தவை என்பதையும், சங்கிலிக்கு உரியன அல்ல என்பதையும் வாங்குவோர் மறத்தலாகாது.

வந்தேறிய விலங்கும் காலப்போக்கில் நிலத்தோடு பழகிவிடாதா என்று கேட்கலாம். நெடுந்தீவைப் பாருங்கள். ஐரோப்பியர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டின்றித் திரிகின்றன. நூற்றாண்டுகள் கடந்தும், கடும் வறட்சியில் நீரின்றி அவற்றுட் பல மடிகின்றன. தலைமுறை பல வாழ்ந்த விலங்கின் நிலை இதுவாயின், நேற்று வந்திறங்கிய நாயின் நிலையை என்னென்பது!

இனி, அந்தப் பூவரச நிழலுக்குத் திரும்புவோம். ஊர்நாய்க்குச் சான்றிதழும் இல்லை, விலையும் இல்லை. ஆயினும் குறுமயிர், அளவான உடல், நீண்ட மூக்கு ஆகிய மூன்றும் அதனிடம் உண்டு. அதனைத் தெரிந்தெடுத்தவன் தரகனல்லன்; வெயிலே தெரிந்தெடுத்தது. தாங்க மாட்டாதவை மடிந்தன. தாங்கியவை குட்டி ஈன்றன. 1990ஆம் ஆண்டில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, நாயையும் உடன்கொண்டு செல்ல எத்தனை பேரால் முடிந்திருக்கும்? ஆளில்லா வளவுகளில் எஞ்சிய நாய்கள் தாமே பிழைக்க வேண்டியிருந்தன.

அந்நாய்க்கு இல்லாதது நம் கவனம் ஒன்றே. ஒரு சட்டித் தண்ணீர், விசர்நோய்த் தடுப்பூசி, வரையின்றிப் பெருகாமற் கருத்தடை: இவ்வளவும் செய்தால், ஊர்காவற்றுறை முதல் நயினாதீவு வரை எந்த வாசலுக்கும் அதனினும் ஏற்ற காவலன் இல்லை. ஏற்கெனவே பிறநாட்டு நாயை வளர்ப்போர், தகரத்தின் கீழிருந்து அதனை மரநிழலுக்கு மாற்றுக; நண்பகலில் வெளியே நடத்தாது, விடியலில் நடத்துக.

நண்பரிடம் இவற்றைச் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று சங்கிலியை அவிழ்த்தார். அல்சேஷன் தள்ளாடிச் சென்று, ஊர்நாய் பறித்திருந்த குழியின் அருகே தானும் மண்ணைப் பறிக்கத் தொடங்கிற்று.