பம்புக்கு சர்வீஸ் உண்டு, வெப்சைட்டுக்கு?

ஆயுதபூஜைக்கு முதல் நாள் கோவை கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்துகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். கம்ப்ரசருக்கு ஆயில் மாறுகிறது. ஜெனரேட்டருக்கு ஏ.எம்.சி. உண்டு, யு.பி.எஸ்.ஸுக்கும் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக்கூட சந்தனம், குங்குமம். பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பையன் போட்டுக்கொடுத்த வெப்சைட்டை மட்டும் அதன்பிறகு எவரும் தொட்டதில்லை.

கேட்டால் வரும் பதில், கரூரானாலும் ஈரோடானாலும் ஒன்றுதான். "ஏனுங்க, நம்ம சைட்டுல திருடறதுக்கு என்னங்க இருக்குது? நாலு மோட்டார் போட்டோவும் அட்ரஸும்தானுங்க."

போட்டோவுக்காக யாரும் வருவதில்லை. வருவது ஆளும் இல்லை, புரோகிராம். எந்தத் தளத்தில் எந்தத் துணைநிரல், அதாவது ப்ளகின், பழைய பதிப்பில் கிடக்கிறது என்று ராத்திரி பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறது. கிரைண்டர் கம்பெனியா, சாஃப்ட்வேர் கம்பெனியா என்று அதற்குக் கவலையில்லை. 2020 செப்டம்பரில் வேர்டுபிரஸ் ஃபைல் மேனேஜர் ப்ளகினில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் அது இருந்தது. சரிசெய்த பதிப்பு உடனே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். 2014 அக்டோபரில் ட்ரூப்பல் என்ற இணையதள மென்பொருளின் கதை இன்னும் மோசம். அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்களெல்லாம் உடைக்கப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதை உருவாக்கும் குழுவே பிறகு சொல்ல வேண்டிவந்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்தான் ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனுக்கும் காட்டிக்கொடுக்கிறது. சரி, ப்ளகினை அப்டேட் செய்தாயிற்று, தளத்துக்கு அடியில் ஓடும் நிரல்மொழி பிஎச்பி 7.4 என்றால்? அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுபோயின.

உடைத்தபின் நடப்பது முதலாளி கண்ணில் படாது. அவர் தளத்தின் பெயரை நேராக டைப் செய்து பார்ப்பார். அதே மோட்டார் போட்டோ வரும். தேடுபொறி வழியாக மொபைலில் வருகிறவருக்கு மட்டும் சூதாட்டத் தளம் திறக்கிற மாதிரி நாலு வரி எழுதிவைத்திருப்பான் உள்ளே புகுந்தவன். சில தளங்களுக்குத் தேடல் முடிவில் கம்பெனி பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் போலிச் சரக்கு விளம்பரம் வருகிறது. பொள்ளாச்சித் தென்னை நார் வாங்க நினைத்த வெளிநாட்டுக்காரர், பிரவுசர் காட்டும் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதும் நமக்குத் தெரியாது.

இதையாவது சுத்தம் செய்துவிடலாம். பயப்பட வேண்டியது மெயிலுக்கு.

சிறு கம்பெனிகள் பெரும்பாலும் குறைந்த விலை ஹோஸ்டிங் ஒன்றை வாங்கி, சைட்டையும் மெயிலையும் ஒரே கணக்கில் வைக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் சைட்டுக்குள் புகுந்தவன் மெயில் பெட்டிகளையும் படித்துவிட முடியும். படிப்பான், உடனே ஒன்றும் செய்ய மாட்டான். 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த திருப்பூரில், ஆர்டர், ப்ரொஃபார்மா, அட்வான்ஸ், பேலன்ஸ் எல்லாமே மெயிலில்தான் ஓடுகின்றன. எந்த மெர்ச்சண்டைசர் எந்த பையருக்கு எப்படி எழுதுவார், பணம் எந்த வாரம் வரும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிடும். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியதும் அதே மெயில் தொடரில் ஒரு பதில் போகும்: ஆடிட் நடப்பதால் பழைய வங்கிக் கணக்கு முடக்கத்தில் இருக்கிறது, தயவுசெய்து இந்தக் கணக்கில் போடவும். லெட்டர்ஹெட் நம்முடையது, சீல் நம்முடையது. போட்டாச்சு என்பார் பையர், வரவில்லை என்பார் நம்மவர். இந்த வகை மோசடியில் 2023இல் மட்டும் அமெரிக்காவின் புலனாய்வுத் துறைக்கு வந்த புகார்களின்படி போன பணம் சுமார் 290 கோடி டாலர்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது இதோடு சேர்ந்த கேள்வி. சைட் போட்ட பையன் தன் மெயில் ஐடியில் பதிவு செய்திருப்பான். அவன் இப்போது பெங்களூரில். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அவனுக்குப் போகும். தவணை தப்பிய டாட் காம் பெயரை மீட்கக் கொஞ்ச காலம் தருவார்கள். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவனுக்கு, பழைய வாடிக்கையாளர்கள் அந்தப் பெயருக்கு அனுப்பும் மெயில்களும் போய்ச் சேரும்.

மாதச் சந்தா கட்டும் தளமென்றால் அப்டேட்டை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்போர் உண்டு. சரிதான், பாஸ்வேர்டு நம் கணக்குப்பிள்ளையின் டைரியில்தானே இருக்கிறது! விசாரணைப் படிவத்தில் வாங்கிவைத்த போன் நம்பர்களுக்கும் இனிமேல் பதில் சொல்ல வேண்டும்: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

வேலை என்னவோ சின்னதுதான். மாதம் ஒருமுறை அப்டேட், ஹோஸ்டிங்குக்கு வெளியே ஒரு பேக்கப், விட்டுப்போன ஆளின் லாகினை அன்றைக்கே நீக்குவது, மெயிலுக்குப் பாஸ்வேர்டோடு ஓடிபியும் வைப்பது. ஏற்றுமதியாளர்கள் ப்ரொஃபார்மாவின் அடியில் ஒரு வரி சேர்க்கலாம்: எங்கள் வங்கிக் கணக்கு மெயிலில் மாறாது, மாறியதாகச் செய்தி வந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள். ஏனென்றால், நம் நாட்டு வங்கிக் கணக்குக்குப் போன பணமென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்து முடக்கப் பார்க்கலாம். ஜெர்மனியிலிருந்து பையர் அனுப்பி வேறொரு நாட்டு வங்கிக்குப் போன பணத்துக்கு, அவர்தான் தன் வங்கியிடம் ஓட வேண்டும். அவர் ஓடுவதற்குள் சரக்கு அவர் கிடங்குக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.