கடல்நீரைத் தடுத்த கரைகளும் ஒரு கணக்குப் பாடமும்

கோவாவில் மாண்டவி, சுவாரி ஆறுகளின் கழிமுகங்களை ஒட்டிச் செல்வோர், ஆற்றுக்கும் வயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மண்கரைகளைக் காணலாம். பார்வைக்கு எளியவை, ஆனால் ஓதம் ஏறும் வேளையில் கரைக்கு வெளியே நிற்கும் உவர்நீரின் மட்டம், உள்ளேயிருக்கும் வயலின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கும். அந்தக் கரை இல்லையேல் வயலும் இல்லை. சதுப்பு நிலத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு மீட்கப்பட்ட விளைநிலங்களைக் 'கசான்' என்பர். இவற்றின் பரப்பு ஏறத்தாழ 18,000 ஹெக்டேர்.

களிமண், வைக்கோல், செம்புரைக்கல் ஆகிய உள்ளூர்ப் பொருள்களே கரைக்குப் போதுமானவையாக இருந்தன. கரையின் இடையே 'மானஸ்' எனப்படும் மதகு அமைந்திருக்கும். ஓதம் ஏறும்போது நீரின் அழுத்தத்தால் அதன் மரக்கதவு தானே மூடிக்கொள்ளும். நீர் வடியும்போது உள்ளிருக்கும் நீர் கதவைத் தள்ளித் திறந்து வெளியேறும். மழைக்காலத்தில் பெருமழை மண்ணின் உப்பைக் கழுவிவிட, உப்பைத் தாங்கும் 'கோர்குட்' போன்ற நெல்வகைகள் விளையும். அறுவடைக்குப் பின் உவர்நீரை அளவோடு உள்ளே விட்டு மீனும் இறாலும் பிடிப்பர்.

இந்த அமைப்பை இத்தனை காலம் காத்தது கட்டுமானத் திறன் மட்டுமன்று, அதனைச் சூழ்ந்திருந்த நிதி ஒழுங்கும்தான் என்பது நம் கருத்து. நிலம் 'காவ்ங்காரி' என்னும் ஊர்ச் சமுதாயத்திற்குப் பொதுவாயிருந்தது. போர்ச்சுகீசியர் அவ்வமைப்பின் வழக்கங்களை 1526ஆம் ஆண்டிலேயே எழுத்தில் பதிவு செய்தனர். பிற்காலத்தில் அது 'கொமுனிடாட்' எனப்பட்டது. வயலும் மதகில் மீன்பிடிக்கும் உரிமையும் ஏலம் விடப்பட்டன. அவ்வருவாயிலிருந்து கரைப் பராமரிப்பு உள்ளிட்ட பொதுச் செலவுகள் ஈடுசெய்யப்பட்டன. எஞ்சியதே 'ஜோன்' என்ற பெயரில் உறுப்பினர்களுக்குப் பங்காகக் கிடைத்தது. சொத்தின் தேய்மானத்திற்கு ஒதுக்கிய பிறகே இலாபத்தைப் பகிர வேண்டும் என்று இன்றைய கணக்கியல் கூறுவதும் இதையே.

1964ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டமும் 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் உழுதவருக்கு நிலத்தை உரிமையாக்கின. அந்த நீதி தேவையானதே. கரையைக் காக்கும் பொறுப்பு குத்தகைதாரர் சங்கங்களுக்கு மாறியது. ஆனால் உழவர் பலர் வேறு தொழில்களை நாடினர். கூட்டு உழைப்புக் குறைந்தது. நெல்லைவிட மதகின் மீன் ஏலம் அதிக வருவாய் தரும் இடங்களில், உவர்நீர் உள்ளேயே இருப்பதை விரும்புவோரும் உண்டு. ஆற்றில் செல்லும் சரக்குப் படகுகள் எழுப்பும் அலைகளும் கரையை அரிக்கின்றன.

கரை உடையும்போது இழப்பு ஒருவருடைய வயலோடு நிற்பதில்லை. ஓர் உடைப்பின் வழியே நுழையும் உவர்நீர் அத்தொகுதி வயல்கள் முழுவதிலும் பரவும். படிந்த உப்பு நீங்க அடுத்தடுத்த மழைக்காலங்கள் தேவைப்படும். ஆகவே தம் பங்குக் கரையை மட்டும் செப்பனிட்டவருக்குப் பாதுகாப்பில்லை. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கசான் நிலங்களை வரைபடமாக்கிப் பாதுகாக்கச் சிறப்பாக வகை செய்துள்ளது. எனினும் நண்டு துளைத்த ஓட்டையை மழைக்கு முன் அடைக்கும் வேலையை அங்கே வாழ்வோரே செய்தாக வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமாயினும், பாசனச் சங்கமாயினும், பொதுச் சொத்து ஒன்றைப் பேணும் வாடிக்கையாளர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். பராமரிப்பு நிதியைத் தனிக் கணக்கில் வைப்பதும், ஆண்டு வருவாயில் அதற்கே முதலிடம் தருவதும், மிகுதியை மட்டும் பகிர்வதும் கடினமான செயல்கள் அல்ல. கோவாவின் ஊர்கள் அவற்றை முறையாகச் செய்துவந்த வரையில், கடல் கரைக்கு வெளியே நின்றது.