ஓமந்தையின் கோடை

ஓமந்தையில் ஒரு வீட்டுக்கு மிகுந்த வேலையும் மிகுந்த விருந்தும் ஒருங்கே வந்து சேர்கின்ற பருவம் கோடை. வவுனியா நகரைக் கடந்து கண்டி வீதியில் வடக்கே செல்வோர், வயலும் குளமும் காடும் மாறி மாறி வருகின்ற அந்த ஊரைச் சில நிமிஷங்களில் தாண்டிப் போய்விடுவர். ஆனால், வைகாசி பிறந்ததிலிருந்து புரட்டாதி முடியும்வரை அங்கே ஒரு கிணற்றை நம்பி எத்தனை பயிர்கள் உயிர்வாழ்கின்றன, ஒரு முற்றத்தில் எத்தனை ஊர்ச் சிநேகிதர்கள் வந்து கூடுகின்றனர், ஒரு குடும்பம் எத்தனை யாத்திரைகளுக்குப் புறப்படுகின்றது என்பவற்றை அறிந்தவர்கள், வன்னியின் கோடையை வெறும் வறட்சிக் காலமென்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். தோட்டம், விருந்து, பிரயாணம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அம்மூன்றையும் தாங்குவது மாரியில் சேமித்த தண்ணீர்.

வன்னிக்குப் பெருமழையைத் தருவது ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று. அந்த மழையில் குளங்கள் நிறைகின்றன. காலபோக நெல் விளைகின்றது. பங்குனி, சித்திரை மாதங்களில் இடியோடு பெய்கின்ற சிறுமழை நிலத்தை நனைத்துவிட்டுப் போனபின், தென்மேற்குப் பருவக்காற்று எழுகின்றது. இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வருகின்ற அக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரிந்தாலும், வன்னிச் சமவெளியில் உலர்ந்த காற்றாகவே வருகின்றபடியால், கொழும்பில் குடைபிடித்து நடக்கின்ற அதே வைகாசியில் ஓமந்தையில் சோளகமென்ற பெயரோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசுகின்றது. மாரியில் சேறாகக் கிடந்த செம்மண் மண்வெட்டிக்கு இடங்கொடாதபடி இறுகுகின்றது. கிணற்று நீர் வாரத்துக்கு வாரம் கீழே போகின்றது.

இத்தகைய காலத்தில் தோட்டஞ் செய்வதற்குத் தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவிடத் தெரியவேண்டும். நிலம் இறுகுமுன், சித்திரை மழையின் ஈரத்திலேயே கொத்திப் பண்படுத்தி, மாட்டெருவும் குளத்து வண்டலும் இட்டு, பாத்தி கட்டி, கத்தரி மிளகாய் நாற்றுகளை நட்டுவிடுகின்றார்கள். தினமும் நீர் வேண்டுகின்ற கீரையும் வெண்டியும் கிணற்றடிக்கு அண்மையிலும், ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் கண்டால் போதுமென்றிருக்கின்ற கத்தரி, மிளகாய், பயற்றை முதலியவை அதற்கு அப்பாலும், குளித்த நீர் வழிந்தோடுகின்ற வாய்க்காலின் ஓரத்தில் வாழையும், வேலிக்கரையில் வறட்சியைப் பொறுக்கின்ற மரவள்ளியும் முருங்கையுமாக அமைந்திருக்கின்ற தோட்டத்தைப் பார்த்தால், தாகத்தின் அளவறிந்து பயிர்களுக்கு இடம் வகுத்த அனுபவம் விளங்கும். வேலியில் நிற்கின்ற பூவரசு, கிளிசரியா ஆகியவற்றின் குழையை வெட்டிப் பயிரின் அடியில் பரப்பிவிடின், அது முதலில் ஈரத்தைக் காத்து, பின்னர் உக்கி உரமாகின்றது. துலாவால் இறைத்த காலம் போய் நீரிறைக்கும் யந்திரம் வந்துவிட்டமையால், கிணற்றின் அடியைக் காண்பது இப்போது எளிது. ஆதலால், ஊற்று மீண்டும் ஊறுவதற்கு அவகாசம் விட்டு, வெயில் ஏறுமுன் ஒரு பங்கும் வெயில் தாழ்ந்தபின் ஒரு பங்குமாக இறைப்பதே விவேகம்.

காவலும் வேண்டும். பகலில் குரங்கும் மயிலும் தோட்டத்துக்குப் பங்காளிகள். காட்டு மடுக்கள் வற்றுந்தோறும் யானைகள் ஊர்களை நாடி வருகின்றபடியால், குலை தள்ளிய வாழையுள்ள வீடுகளில் இரவு நித்திரையும் பாதிதான். இத்தனை பிரயாசைக்குப் பின் காய்க்கத் தொடங்குகின்ற கத்தரியும் பயற்றையும் ஒரு வீட்டின் சமையலுக்கு மிஞ்சிக் காய்க்கின்றன. மிஞ்சியதில் ஒரு பங்கு அயல்வீடுகளுக்குப் போகின்றது. இன்னொரு பங்கைச் சோளகக் காற்றும் வெயிலும் பதப்படுத்தித் தருகின்றன: மிளகாய் செத்தலாகவும் மோர்மிளகாயாகவும், கத்தரி வற்றலாகவும், உழுந்தோடு சேர்த்திடித்த வேப்பம்பூ வடகமாகவும் பாயில் காய்கின்றன. வருகின்ற விருந்தினர் கொழும்புக்கும் இலண்டனுக்கும் தொறொன்ரோவுக்கும் கொண்டு செல்கின்ற பொதிகள் இவ்வாறு ஆனி மாதத்திலேயே ஆயத்தமாகின்றன.

வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால், மனிதர் நீரூற்றாத பெருந்தோட்டமாகக் காடு இருக்கின்றது. கோடையில் பாலை பழுக்கின்றது. மஞ்சள் நிறமான அந்தச் சிறு பழத்தின் பால் உதடுகளை ஒட்டவைக்கும். ஆயினும் அதன் தித்திப்பை ஒருமுறை சுவைத்த பிள்ளை அடுத்த கோடையையும் அதற்காகவே எதிர்பார்க்கும். சிவந்த வீரைப்பழமும், மரப்பொந்துகளில் எடுக்கின்ற தேனும் இக்காலத்துச் செல்வங்களே. பாலைப்பழத்தில் மனிதரைவிடக் கரடிக்குப் பிரியம் அதிகமாதலால், தனியே காட்டுக்குள் நுழையக்கூடாதென்று பெரியவர்கள் விருந்தினரையும் பிள்ளைகளையும் ஒருசேர எச்சரிக்கின்றார்கள். பாலை மெல்ல வளர்ந்து வைரமேறுகின்ற விருட்சம். தூணுக்கும் வளைக்கும் அதை விரும்பி வெட்டுவோர், பல தலைமுறைகளின் நிழலையும் ஆகாரத்தையும் ஒரே பகலில் சாய்த்துவிடுகின்றார்கள் என்பதை மனம் நொந்தே எழுதவேண்டியிருக்கின்றது.

விருந்தினர் வருகின்ற வழியின் கதையைச் சொல்லாமல் ஓமந்தையின் கோடையைச் சொல்ல முடியாது. 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம், 1990இல் யுத்தத்தால் வடக்கே செல்ல முடியாமல் நின்றது. 2002ஆம் ஆண்டின் யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பின் வீதி திறந்தபோது, ஓமந்தை என்ற பெயர் சோதனைச்சாவடியின் பெயராகவே உலகெங்குமுள்ள தமிழருக்குப் பழக்கமாயிற்று. 2009இல் யுத்தத்தில் அனைத்தையும் இழந்து வன்னியிலிருந்து வெளியேறிய ஜனங்கள் அவ்வழியாகவே முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2011இல் புகையிரதம் மீண்டும் ஓமந்தைவரை வந்தது. 2013இல் கிளிநொச்சியையும் 2014இல் யாழ்ப்பாணத்தையும் எட்டியது. 2015இல் சோதனைச்சாவடியும் அகற்றப்பட்டது. இன்று ஒரு சிநேகிதர் தம் பிள்ளைகளோடு புகையிரதத்தால் இறங்கி, யாரிடமும் அனுமதி கேளாமல், ஒரு வீட்டுப் படலையைத் திறந்து "என்ன அண்ணை, சுகமா?" என்று கேட்கின்ற சாதாரண காரியம், ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்டிருந்த பாக்கியம் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வந்தவர்களுக்குச் செய்கின்ற உபசாரங்களுள் சிரேஷ்டமானது, மரநிழலில் காய்ச்சுகின்ற ஒடியற்கூழ். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா யாழ்ப்பாணத்திலிருந்து வரும். மீனும் நண்டும் இறாலும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும். பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, பலாக்கொட்டை, செத்தல் மிளகாய் என்பன தோட்டத்திலிருந்தே வரும். ஒருவர் விறகு தள்ள, ஒருவர் மீன் வெட்ட, ஒருவர் புளி கரைக்க, வந்தவர் நின்றவர் எல்லோருக்கும் வேலையுண்டு. கூழ் இறங்கியதும் பனையோலைப் பிளாவில் வாங்கி, வட்டமாக இருந்து குடிக்கின்றார்கள். ஆடிப்பிறப்பன்று பயறும் கருப்பட்டியும் சேர்ந்த இனிப்புக் கூழும் கொழுக்கட்டையும் உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்காகப் பாடிவைத்த அந்தப் பண்டிகை, கடல் கடந்து பிறந்த குழந்தைகளுக்கும் முதல் வாயிலேயே விளங்கிவிடுகின்றது.

பிறகு பிரயாணங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். ஓமந்தையிலிருந்து மாங்குளம் சென்று, கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரைத் தரிசித்து, முள்ளியவளையைக் கடந்தால் நந்திக்கடலின் கரையில் அந்த ஸ்தலம் இருக்கின்றது. முன்னதாகவே கடலில் எடுத்து வைத்த நீரில் விளக்கெரிகின்ற அதிசயத்தைக் காணச் செல்கின்றவர்களுள், 2009இல் அந்தக் கரையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் பலர். அவர்களுக்கு அந்தப் பிரயாணம் வழிபாடும் நினைவஞ்சலியுமாகின்றது. ஜூலை 2ஆம் திகதியும் ஆகஸ்ட் 15ஆம் திகதியும் மடு மாதாவின் பெருவிழாக்கள்; ஒல்லாந்தர் காலத்துத் துன்பத்துக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் காத்துக் கொணரப்பட்ட அன்னையின் சொரூபத்தை வணங்க, கிறிஸ்தவரோடு சைவரும் பௌத்தரும் சென்று மரங்களின் கீழே கூடாரமடித்துத் தங்குகின்றார்கள். ஆவணியை அண்டி நல்லூரில் கொடியேறினால், காலைப் புகையிரதத்தில் சென்று தேர்த்திருவிழாவைக் கண்டு வரலாம். செல்கின்ற இடமெல்லாம் தோட்டத்து வாழைக்குலையோ ஒரு கடகம் காயோ கூடவே போகின்றது. திரும்பி வரும்போது புதிய சிநேகமும் புதிய விதையும் கூடவே வருகின்றன.

ஆவணி கழிந்தால் விருந்தினர் விடைபெறுவர். குளத்தின் அடி தெரியும். கோடையின் முக்கியமான கடமை அப்போதுதான் இருக்கின்றது. முற்றிய கத்தரியிலும் பாகலிலும் விதையெடுத்துச் சாம்பல் கலந்து உலர்த்தவேண்டும். குளத்தில் படிந்த வண்டலை அள்ளித் தோட்டத்துக்கு ஏற்றவேண்டும். அணைக்கட்டில் எலிவளைகளை அடைத்து, வரத்து வாய்க்கால்களைத் துப்புரவாக்கவேண்டும். அள்ளிய ஒவ்வொரு கூடை வண்டலின் இடத்திலும் ஐப்பசி மழை ஒரு கூடைத் தண்ணீரை நிரப்பும். குளத்தில் நிற்கின்ற தண்ணீரே மண்ணுக்குள் கசிந்து கிணறுகளில் ஊறும். ஆதலால், பிறந்த ஊரைப் பார்க்க வருகின்ற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கூழ் குடித்த முற்றத்துக்குக் கைம்மாறு செய்ய விரும்பினால், அந்த ஊர்க் குளத்தைத் திருத்துகின்ற வேலையில் ஒருநாள் உடலால் உழையுங்கள், அல்லது அதற்குப் பொருளால் உதவுங்கள். அடுத்த வைகாசியில் உங்களுக்குப் பரிமாறப்படுகின்ற கறியின் சுவை, அந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதைப் பொறுத்தது.