மரத்துப்போகும் ஊசியும் இன்சுலினும்

மட்டாஞ்சேரித் தமிழர் வீடுகளில் இன்சுலின் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. சர்க்கரை வியாதிக்காக நம்மில் பலர் தினமும் போட்டுக்கொள்ளும் ஊசி அது. அதே இன்சுலின், சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆபத்தில், துவண்டுபோன இதயத்தைத் தூக்கி நிறுத்த உதவுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். மயக்க மருந்துத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அன்பர்களுக்கு அதை எளிமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

பல் பிடுங்கும்போதும், காயத்துக்குத் தையல் போடும்போதும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி போடுவார்கள். இங்கே மலையாளத்தில் அதை 'மரவிப்பு' என்கிறோம். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற மருத்துவர் கண் அறுவைக்குக் கொகெய்னைப் பயன்படுத்தியதில் இந்த வித்தை தொடங்கியது. 1943இல் ஸ்வீடனில் லிடோகெய்ன் உருவாயிற்று. ஜைலோகெயின் என்று நாம் அறிந்தது அதுதான். 1957இல் வந்த பியுபிவகெய்ன் இன்னும் நெடுநேரம் வேலை செய்யும். சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் போடுவது பெரும்பாலும் இதைத்தான்.

நரம்பில் வலிச் செய்தி ஓடுவதற்கு, சோடியம் நுழையும் நுண்ணிய கதவுகள் திறக்க வேண்டும். இம்மருந்துகள் அக்கதவுகளை அடைத்துவிடுகின்றன, வலி தெரிவதில்லை. சங்கடம் என்னவென்றால், இதயத்திலும் அதே வகைக் கதவுகள் உண்டு. மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலோ, அளவு மீறினாலோ, முதலில் மூளை குழம்பி வலிப்பு வரலாம். பிறகு இதயத்துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர், பியுபிவகெய்ன் போன்ற மருந்துகளால் நின்ற இதயத்தை மீட்பது மிகக் கடினமாக இருக்கிறது என்று எச்சரித்தார். மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது.

ஏன் கடினம்? பியுபிவகெய்ன் இதயத்தின் கதவுகளை விட்டு எளிதில் விலகுவதில்லை. அதோடு இதயத்தின் அடுப்பையும் அது அணைக்கிறது. இதயம் தன் எரிபொருளில் பெரும்பங்கைக் கொழுப்பிலிருந்து பெறுகிறது. அந்தக் கொழுப்பு, செல்லுக்குள் எரியும் இடத்துக்குப் போகாமல் இம்மருந்து தடுக்கிறது. விறகு கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயில் சமைப்பதில்லையா? அதுபோல, கொழுப்புக்குப் பதில் சர்க்கரையை எரிக்க வைக்கலாமே என்ற யோசனை பிறந்தது. சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும் வேலையைச் செய்வது இன்சுலின்தானே!

2000ஆம் ஆண்டில் கொரிய ஆராய்ச்சியாளர்கள், பியுபிவகெய்னால் இதயம் தளர்ந்த நாய்களுக்கு இன்சுலினையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கிலோவுக்கு 1 யூனிட் வீதம், ஒரே தவணையில். நாய்களின் இதயம் மீண்டும் வலுப்பெற்றது. அறுபது கிலோ மனிதருக்குக் கணக்கிட்டால் 60 யூனிட்! சர்க்கரையும் பொட்டாசியமும் அபாயகரமாகத் தாழும் என்பதால், நிமிடந்தோறும் கண்காணிக்கும் இடத்தில் அன்றி இதை நினைக்கவே கூடாது. மனிதரிடம் முறையாகச் சோதித்து நிலைநாட்டப்படாததால், இன்சுலின் இந்த ஆபத்துக்கு முதல் மருந்தாக ஆகவில்லை.

அந்த இடத்தைப் பிடித்தது வேறொன்று. 1998இல் கய் வைன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர், சோயா எண்ணெயால் ஆன கொழுப்புக் குழம்பு எலிகளைக் காப்பாற்றுவதைக் கண்டார். தேங்காய்ப்பால் போல வெண்மையாக இருக்கும் இது, வாயால் உண்ண முடியாத நோயாளிகளுக்குச் சிரை வழியே தரும் உணவு. இரத்தத்தில் உள்ள மருந்தைத் தன்னுள் இழுத்து இதயத்தை விட்டு விலக்குகிறது. 2006இல் நியூயார்க்கில் ஒரு நோயாளி இதனால் பிழைத்தது மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்று, மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியுடன் கூடவே இதைத்தான் கொடுக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பல் வைத்தியத்துக்குப் பயப்பட வேண்டாம். 2 சதவிகித லிடோகெய்னில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஒரு பல்லுக்குச் சுமார் 2 மில்லி போதும். அதாவது 40 மில்லிகிராம். கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்ற வரம்பின்படி அறுபது கிலோ மனிதருக்கு 270 வரை தாங்கும். சிசேரியனுக்கு முதுகில் போடுவதும் சுமார் 2 மில்லிதான். கை கால் முழுவதையும் மரக்கச் செய்ய அதிக அளவு போடும்போதுதான் கூடுதல் கவனம் தேவை.

நம் பங்கு இதுதான். ஊசிக்கு முன் உங்கள் எடை, இதய நோய், ஈரல் நோய், கர்ப்பம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கீழ்த்தாடையில் ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடு மரப்பது இயல்பு. ஆனால் வாயைச் சுற்றிலும் குறுகுறுப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் வெட்கப்படாமல் அந்த நொடியே சொல்லிவிடுங்கள். டாக்டர் ஊசியை நிறுத்துவதற்கு உங்கள் வாய்ச்சொல்லே முதல் அறிகுறி.