இறகு சொல்லும் பாதரசக் கணக்கு

அடையாறு கடலில் கலக்கும் இடத்திலோ பழவேற்காட்டிலோ ஆலாப் பறவைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். விர்ரென்று நீரில் பாய்ந்து, சிறு மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே எழும். அந்த மீனோடு பாதரசமும் அதன் வயிற்றுக்குள் போகக்கூடும். எவ்வளவு போயிற்று என்று பறவையைக் கொல்லாமலே அறிய முடியுமா? முடியும். அதன் மார்பிலிருந்து எடுத்த சில சிறு இறகுகள் போதும்.

நிலக்கரி எரியும்போது வெளிப்படும் பாதரச ஆவி காற்றில் பரவி, மழையோடு நீரில் இறங்குகிறது. ஆலைக் கழிவுகளிலிருந்தும் பாதரசம் வருகிறது. கொடைக்கானலில் வெப்பமானி செய்துவந்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பிறகு நடந்த ஆய்வில் அவ்வூர் ஏரியின் மீன்களிலும் பாதரசம் காணப்பட்டது. நீரடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. உடலில் சேர்ந்தால் இது எளிதில் நீங்காது. எனவே மிதக்கும் நுண்ணுயிர்களைவிடச் சிறு மீனிலும், மீனைவிடப் பறவையிலும் இது செறிவாக இருக்கும்.

இறகுக்குள் அது எப்படிப் போகிறது? அசோக் நகர்த் தெருவில் கிடக்கும் காக்கை இறகு ஒன்றைப் பாருங்கள். அதன் அடித்தண்டு உள்ளே வெறுமையாக இருக்கும். இறகு முளைத்தபோது அதன் வழியே இரத்தம் ஓடியது. இறகு, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதிலுள்ள கந்தக அணுக்கள் இரத்தத்தில் வரும் பாதரசத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. இறகு முழுதும் வளர்ந்ததும் இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆகவே இறகு காட்டுவது அது முளைத்த காலத்தின் கணக்கு. நாம் அதை எடுத்த நாளின் கணக்கன்று. பறவை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்க்கும்போது, முதலில் முளைப்பவற்றில் பாதரசம் கூடுதலாகவும் பின்னால் முளைப்பவற்றில் குறைவாகவும் இருக்கும். ஆதலால் ஒரே வகை இறகுகளையே ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கு அழியாதது. சுவீடன் நாட்டு அறிஞர்கள் அருங்காட்சியகப் பறவைகளின் இறகுகளை ஆராய்ந்து 1966இல் முடிவுகளை வெளியிட்டனர். இறகுகளை நியூட்ரான்களால் தாக்கினால் அவற்றிலுள்ள பாதரசம் கதிரியக்கம் பெறும். அது வெளிவிடும் காமாக் கதிர்களை எண்ணினால் பாதரசத்தின் அளவு தெரியும். நூறாண்டு இறகுகளில் 1940 வரை அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. அதன்பின் கோஸ்ஹாக் என்னும் வல்லூறு வகையில் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. விதைகளில் தடவிய பாதரச மருந்தே காரணம். சுவீடன் 1966இல் அந்த மருந்தைத் தடை செய்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பூச்சி அரிக்காமல் இருக்க, அந்நாளில் பாடம் செய்த பறவைகள்மீது மெர்க்குரிக் குளோரைடு பூசுவார்கள். அதுவும் பாதரசமே! ஆனால் உணவு வழி வந்தது பெரும்பாலும் மீத்தைல் பாதரசம். அதை மட்டும் தனியே அளந்தால் சிக்கல் தீர்ந்துவிடும். பசிபிக் கடலின் கருங்கால் ஆல்பட்ராஸ் பறவைகளின் 1880 முதல் 2002 வரையிலான இறகுகள் இம்முறையில் ஆராயப்பட்டன. 2011இல் வெளியான அந்த ஆய்வு, மீத்தைல் பாதரசம் காலப்போக்கில் கூடியிருப்பதைக் காட்டியது.

ஆலா தின்னும் மீனை நாமும் தின்கிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால், பாடம் செய்த பறவைகளின் பெயர்ச் சீட்டுகளையும் கவனியுங்கள். எங்கே, எந்த ஆண்டில் பிடிபட்டது என்ற குறிப்பு இருந்தால்தான் இறகின் கணக்கை நாம் படிக்க முடியும்.