ஊசி குத்திச்சா? மூடி மறைக்காதே, தங்கச்சி!

சென்னை.
"எய்ட்ஸ் எப்படிப் பரவும்?" என்று ஒரு நர்சிங் மாணவியைக் கேளுங்கள். மடமடவென்று ஒப்பிப்பார். ஆனால் ஊசி போட்டு முடித்ததும் கை என்ன செய்கிறது? மூடியை எடுத்து மறுபடி மாட்டப் போகிறது! அங்கேதான் வினை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரிய வந்ததே நம்ம சென்னை மாணவி ஒருவரால்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது 6 பெண்களிடம் கிருமி இருப்பது அம்பலமானது. அன்று அந்த மாணவி கண்டதை மறைக்கவில்லை. இன்று குத்துப்பட்டவர் மறைக்கலாமா?

1000-க்கு 3

எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி 1000 பேரைக் குத்தினால், சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். பீதி வேண்டாம். அலட்சியமும் வேண்டாம்.

உடனே என்ன செய்யணும்?

விரலைப் பிதுக்காதீர்கள். வாயில் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நேரே டாக்டரிடம் ஓடுங்கள். தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரம்தான் கெடு! பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

"சொன்னா சிஸ்டர் திட்டுவாங்க" என்று 3 நாளைக் கடத்தினால் கெடு போச்சு!

போட்ட ஊசிக்கு மூடி வேண்டாம். நேராக வெள்ளை டப்பாவில் போடுங்கள்.

உங்க வீட்டுப் பிள்ளை நர்சிங் படிக்கிறதா? இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தேகமா? 1097-க்கு போன் போடுங்கள். காசு கிடையாது!